ஹெக்கல் விட்டுச்சென்ற கருவும் கண்டமும்

கொற்கையின் பழம்பெருமை பேசும் தூத்துக்குடிக் கரையில், கடல்கொண்ட லெமூரியாவைப் பற்றிய பேச்சும் ஓய்ந்ததில்லை. அந்தப் பெயரை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். இக்கரையைச் சேர்ந்த எனக்கு அவரது வாழ்க்கை அயலார் கதையாகத் தோன்றுவதில்லை.

1834-இல் போட்ஸ்டாமில் பிறந்த அவர் மருத்துவம் பயின்று, பின்னர் யேனா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். டார்வினின் கொள்கையை ஜெர்மனியில் பரப்பியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. சூழலியல் துறைக்குப் பெயரிட்டவரும் அவரே. அப்பெயரை அறிமுகம் செய்த 1866-ஆம் ஆண்டு நூலிலேயே, வளரும் கரு தன் மூதாதையரின் வடிவங்களை ஒவ்வொன்றாகக் கடந்து வருகிறது என்றார். மனிதக் கருவும் மீன்நிலையைத் தாண்டியே மனிதனாகிறது என்பது அதன் பொருள்.

1868-இல் எளிய வாசகருக்காக எழுதிய நூலில், நாய், கோழி, ஆமை ஆகிய மூன்றின் கருக்களுக்கும் ஒரே மர அச்சைப் பயன்படுத்தினார். ரூட்டிமையர் என்ற அறிஞர் அதை அம்பலப்படுத்தினார். ஹெக்கல் பிந்தைய பதிப்பில் திருத்தினார், கொள்கையைக் கைவிடவில்லை. ஒரு கரு மற்றொரு விலங்கின் கருவைத்தான் ஒத்திருக்கும், வளர்ந்த விலங்கை அன்று என்பதை ஃபான் பேயர் 1828-லேயே விளக்கியிருந்தார். மனிதக் கருவின் கழுத்து மடிப்புகள் தாடையாகவும் காதெலும்புகளாகவும் உருமாறுகின்றன. அவை ஒருபோதும் செவுள்களாவதில்லை.

மடகாஸ்கரின் லெமூர் விலங்குகளுக்கு இந்தியாவிலும் உறவுகள் இருப்பதை விளக்க, 1864-இல் ஸ்கிளேட்டர் ஊகித்த நிலமே லெமூரியா. ஹெக்கல் அதை மனிதகுலத்தின் தொட்டிலாக்கினார். தொல்லெச்சம் எங்கே என்ற கேள்விக்கு, கடலுக்கடியில் என்பது வசதியான விடையாயிற்று. பின்னாளில் தமிழறிஞர் சிலர் அந்நிலத்தைக் குமரிக்கண்டத்தோடு இணைத்தனர்.

1881 இறுதியில் அவர் இலங்கைக்கு வந்தார். தென்கரை வெலிகமையில் தங்கிக் கடலுயிர்களைச் சேகரித்தார். நுண்ணிய ரேடியோலேரியா உயிரிகளில் ஆயிரக்கணக்கான இனங்களை விவரித்த பேருழைப்பாளி அவர். 1919-இல் மறைந்தார்.

கண்டங்கள் நகர்கின்றன என்பது 20-ஆம் நூற்றாண்டில் உறுதியானபின் லெமூரியாவுக்கு அறிவியலில் இடமில்லாது போயிற்று. கருவிலும் கடலிலும் ஹெக்கல் செய்தது ஒன்றே: சான்று இல்லாத இடத்தைக் கற்பனையால் நிரப்பினார். நம் பெருமைக்கு அவரது கண்டம் வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். ஆதிச்சநல்லூரும் கொற்கையும் சிவகளையும் தம் மண்ணிலிருந்தே சான்று தருகின்றன. மூழ்கிய கண்டத்தை மாணவர்க்கு வரலாறாகக் கற்பித்தால், அகழ்ந்தெடுத்த உண்மையையும் உலகம் ஐயத்தோடே நோக்கும்.