இதயத்தின் வழியைச் சொன்ன இமாம் இப்னு நஃபீஸ்

எங்கள் வேங்கிக்காலில் இருந்து வேலூருக்குப் போய் எக்கோ எடுத்து வருபவர்களில் சிலரது ரிப்போர்ட்டில் மைட்ரல் வால்வு ப்ரொலாப்ஸ் என்று இருக்கும். வீடே கலங்கிவிடும். அந்த வால்வுக்கு ரத்தம் எந்த வழியாக வந்து சேருகிறது என்பதைச் சரியாக எழுதிவைத்த முதல் மருத்துவர் ஒரு ஷாஃபிஈ மத்ஹப் அறிஞர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அலாவுத்தீன் இப்னு நஃபீஸ் (ரஹ்) சிரியாவில் 1213-ல் பிறந்தார். டமாஸ்கஸின் நூரி மருத்துவமனையில் பயின்று, பிறகு கெய்ரோவில் குடியேறினார். வைத்தியம் பார்த்துக்கொண்டே மதரஸாவில் ஃபிக்ஹும் கற்பித்தார். பிள்ளையை ஆலிமாக்குவதா, டாக்டராக்குவதா என்று நாம் தடுமாறுகிறோம். அவருக்கு அந்தத் தடுமாற்றமே இருக்கவில்லை.

1242-ல், 29 வயதில், இப்னு சீனாவின் கானூன் நூலிலுள்ள உடற்கூறு பகுதிக்கு விரிவுரை எழுதினார். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே ரத்தம் இடப்பக்கம் போகிறது என்று கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ் சொல்லியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக அதுவே பாடம். இப்னு நஃபீஸ் மறுத்தார். சுவர் கெட்டியானது, துளை கிடையாது; ரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்பக்கம் வருகிறது என்றார்.

அப்படி வரும் ரத்தம் முழுவதும் கடக்கும் கதவுதான் மைட்ரல் வால்வு. மூடும்போது அதன் இதழ் பின்னால் பிதுங்குவதே ப்ரொலாப்ஸ். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள். மிகச் சிலருக்குத்தான் துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றுவிடும். ஆகவே மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ டாக்டரிடம் மறைக்கக் கூடாது. இதயம் நின்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இமாம் சொன்ன அதே வழியில்தான் அப்போதும் ரத்தம் நகர்கிறது. பிழைத்தவர்களுக்கு, துடிப்பு மீண்டும் தவறினால் மின்னதிர்வு தந்து சீராக்கும் ஐ.சி.டி. கருவியைப் பொருத்துகிறார்கள். அதனுடன் பல்லாண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 687-ல் (1288) கெய்ரோவில் வஃபாத்தானார்கள். கடைசி நோயில் மருந்தாகக்கூட மது அருந்த மறுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். வீட்டையும் நூல்களையும் மன்சூரி மருத்துவமனைக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த விரிவுரையோ பல நூற்றாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1924-ல் முஹ்யித்தீன் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர்தான் பெர்லின் நூலகத்திலிருந்த அதன் கையெழுத்துப் பிரதியைப் படித்து, அதில் இருப்பது என்னவென்று உலகுக்குச் சொன்னார்.