எலுமிச்சையின் பெருமை கண்ட கடற்படை மருத்துவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

போர்க்கப்பலில் சென்றவர்களைப் பீரங்கிக் குண்டைவிட ஈறு வீக்கமே அதிகமாகக் கொன்றது என்றால் நம்ப முடிகிறதா? பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்படையில் நடந்தது அதுதான். 1740-இல் ஆன்சன் என்ற தளபதியுடன் சுமார் 1,900 பேர் கடற்பயணம் புறப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 1,400 பேர் மாண்டனர். பகைவர் கையால் இறந்தவர் மிகச் சிலரே. பெரும்பாலோரை விழுங்கியது ஸ்கர்வி என்னும் நோய். ஈறு வீங்கிக் குருதி கசியும், பற்கள் ஆடும், என்றோ ஆறிய புண்கூட மீண்டும் வாய் திறக்கும்.

இந்நோயை எதிர்த்து நின்றவர் ஜேம்ஸ் லிண்ட். 1716-இல் எடின்பரோவில் ஒரு வணிகர் மகனாகப் பிறந்தார். பதினைந்தாம் வயதில் ஓர் அறுவை மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1739-இல் உதவி மருத்துவராகக் கடற்படையில் புகுந்தபோது அவரிடம் பட்டம் ஏதும் இல்லை. மத்தியதரைக் கடல், மேற்கு ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் எனச் சுற்றி, 1747-இல் சாலிஸ்பரி என்னும் கப்பலின் மருத்துவரானார்.

அவ்வாண்டு மே 20-ஆம் நாள் அவர் செய்த சோதனைதான் அவருக்கு அழியாப் புகழ் தந்தது. ஒரே நிலையில் இருந்த 12 நோயாளிகளைத் தேர்ந்தார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே உணவு. பின் இருவர் இருவராகப் பிரித்தார். ஒரு சோடிக்கு ஆப்பிள் மது, மற்றொன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், அடுத்ததற்குக் காடி, இன்னொன்றுக்குக் கடல்நீர், வேறொன்றுக்குப் பூண்டும் கடுகும் சேர்ந்த மருந்துருண்டை, எஞ்சிய சோடிக்கு நாள்தோறும் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை. ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் பழம் உண்டவருள் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தகுதி பெற்றார். மற்றவர் தேறி, ஏனைய நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய அமர்த்தப்பட்டார்!

1748-இல் கடற்படையை விட்டு, எடின்பரோ பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றார். 1753-இல் ஸ்கர்வி பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஆயினும் ஈரக் காற்றும் வியர்வைத் தடையுமே நோய்க்குக் காரணம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. நெடும்பயணத்தில் பழம் அழுகுமே என்று, சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்துப் புட்டியில் அடைக்கும் முறையைச் சொன்னார். அங்கேதான் சறுக்கினார்.

அந்தச் சறுக்கல் எனக்குப் புரிந்தது எங்கள் ஆய்வகத்தில்தான். எலுமிச்சைச் சாற்றின் வைட்டமின் சி அளவை அயோடின் கொண்டு டைட்ரேஷன் செய்து பார்த்தோம். நெடுநேரம் கொதித்த சாற்றுக்குப் பச்சைச் சாற்றைவிடக் குறைந்த அயோடினே செலவாயிற்று. பியூரெட்டைத் தவறாகப் படித்துவிட்டேன் என்று பயந்து, இரண்டுக்கும் ஒரே அளவை ரெக்கார்டில் எழுதப் போனேன். ஆசிரியர் என் கையைப் பிடித்து நிறுத்தி, லிண்டின் கதையைச் சொன்னார். சூடு வைட்டமினை அழிக்கிறது. நான் பொய்யென்று எண்ணியதே உண்மை.

1758 முதல் 1783 வரை, இருபத்தைந்து ஆண்டுகள், ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையின் தலைமை மருத்துவராக லிண்ட் உழைத்தார். படைக்குப் புதிதாக வருவோரைக் குளிப்பாட்டி நல்லுடை தந்தால் கப்பல் காய்ச்சல் குறையும் என்றார். கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்கலாம் என்று காட்டினார். 1794 ஜூலை 13-இல் மறைந்தார். மறு ஆண்டுதான், கில்பர்ட் பிளேன் போன்ற மருத்துவர்களின் முயற்சியால், கடற்படையில் எலுமிச்சைச் சாறு வழங்க ஆணை பிறந்தது. நூல் வந்து 42 ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த வெற்றியைக் காண அவர் இல்லை.

விடுமுறையில் இக்கதையை என் தந்தையிடம் சொன்னேன். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மருந்து தெரிந்த பிறகும் ஏன் கொடுக்கவில்லை என்று அவர் கேட்டார். லிண்டே தம் கண்டுபிடிப்பை முழுதாக நம்பவில்லை, மேலிடமும் அக்கறை காட்டவில்லை என்றேன். அப்படியென்றால் அத்தனை உயிரும் வீண்தானே என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை.

இப்போது ஒன்று தோன்றுகிறது. லிண்டின் கருத்து தவறலாம்; ஆனால் கண்ணால் கண்டதை அவர் மாற்றி எழுதவில்லை. தம் எண்ணத்துக்கு ஒத்துவராத முடிவையும் உள்ளபடியே ஏட்டில் வைத்தார். அதனால்தான் பின்வந்தோர் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. மாணவ நண்பர்களே, ரெக்கார்டில் எழுதும் ஓர் எண் அற்பமானதன்று. அன்று நான் எழுதவிருந்த பொய்யை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.