கொடி காத்த வீரர் வில்லியம் கார்னி

நாட்டின் கொடியைத் தம் உயிரினும் மேலாகப் போற்றிக் காத்தவர்கள் பலர். அவர்களுள் அடிமையாகப் பிறந்து, அமெரிக்க நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்ற வில்லியம் கார்னியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

வில்லியம் கார்னி 1840ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் பிறந்தார். அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஆடுமாடுகளைப் போல் விலைக்கு விற்கப்பட்டனர். அவர்களுக்குக் கல்வி புகட்டுவதை வர்ஜீனியாவின் சட்டம் தடுத்தது. எனினும், சிறுவர் கார்னி மறைவாக நடைபெற்ற பள்ளி ஒன்றில் எழுதப் படிக்கக் கற்றார். பின்னர் அவர் குடும்பத்தினர் அடிமைத்தளை நீங்கி, வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்ட் நகரில் குடியேறினர்.

1861ஆம் ஆண்டில் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. 1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டுக் கறுப்பின மக்கள் படையில் சேரவும் வழிவகுத்தார். சமய போதகராக விரும்பியிருந்த கார்னி, தம் இன மக்களின் விடுதலைக்காகப் போரிடுவதே தம் கடமை எனத் துணிந்து, மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். கறுப்பின வீரர்கள் அஞ்சாது போரிடுவார்களா என்று பலரும் ஐயுற்ற காலம் அது.

1863ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள் மாலை, தென் கரோலினாவின் மோரிஸ் தீவிலிருந்த வாக்னர் கோட்டையை அப்படைப்பிரிவு தாக்கியது. குறுகிய கடற்கரை வழியே முன்னேறிய வீரர்கள் மீது குண்டுகள் மழையெனப் பொழிந்தன. கொடி தாங்கியவர் வீழ்ந்தார். புகை சூழ்ந்த போர்க்களத்தில் வீரர்களுக்கு வழிகாட்டுவது கொடியே அன்றோ! கார்னி தம் துப்பாக்கியை எறிந்துவிட்டுக் கொடியைப் பற்றிக் கோட்டை மதில் வரை கொண்டு சென்றார். படைத்தலைவர் ராபர்ட் கூல்ட் ஷா அம்மதில் மீதே உயிர் துறந்தார்.

படை பின்வாங்கியபோது கார்னியின் உடலில் குண்டுகள் பாய்ந்தன. வழியில் வேறு படைப்பிரிவின் வீரர் ஒருவர் கொடியைத் தாம் சுமப்பதாகக் கூறினார். தம் படைப்பிரிவினர் அல்லாத ஒருவரிடம் அதனைத் தர இயலாதென்று கார்னி மறுத்துவிட்டார். குருதி ஒழுக, முழந்தாளிட்டுத் தவழ்ந்தும் கொடி மண்ணில் படாமல் காத்துத் தம் தோழர்களிடம் ஒப்படைத்த பின்னரே அவர் மயங்கி வீழ்ந்தார். கோட்டை கைப்பற்றப்படவில்லை, ஆயினும் கறுப்பின வீரர்களின் ஆற்றலை அன்று நாடே அறிந்தது.

காயங்களின் காரணமாக 1864ஆம் ஆண்டில் கார்னி படையிலிருந்து விலகினார். பின்னர் நியூ பெட்ஃபோர்டில் தபால்காரராக 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். போர்க்களத்தில் கொடி ஏந்திய கைகள் வீடுதோறும் கடிதங்களை வழங்கின. புகழ் தம்மைத் தேடி வரவில்லையே என அவர் தம் கடமையில் தளரவில்லை.

1897ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் 54ஆம் படைப்பிரிவின் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோது, கார்னி கொடியுடன் எழுந்து நின்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது. 1900ஆம் ஆண்டு மே மாதத்தில், அதாவது போர் நிகழ்ந்து ஏறத்தாழ 37 ஆண்டுகளுக்குப் பின், 'மெடல் ஆஃப் ஆனர்' எனும் வீரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1908ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! கார்னி பரிசை எண்ணிக் கொடியை ஏந்தவில்லை. பரிசு வரத் தாமதித்தபோது கடமையைக் கைவிடவுமில்லை. நாமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணி சிறிதாயினும் பெரிதாயினும், அதனை இறுதிவரை செவ்வனே செய்து முடிப்போமாக!