பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் தொடங்கிய பாடம்



போன ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் கைகொடுக்காமல், பி பிளாக் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் மூன்றாவது மாடியில் குடியிருக்கும், காது கேளாத நம் சகோதரி. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.) அலாரம் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். மணி கீழே அடித்தது. அது அடிக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வெளியே செக்யூரிட்டி தைரியம் சொல்லிக் கத்தினார். நானும் என் பங்குக்குக் கத்தினேன். இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது வாசலில் எட்டுப் பேர் நின்றோம். எட்டுப் பேரும் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பயப்படாதீர்கள் என்று அவருக்குச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் இங்கே குடிவந்து அப்போதே மூன்று வருடம் ஆகியிருந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சைகை மொழியை யார் யார் எப்படிக் கற்றார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படி எனக்குக் கிடைத்தவர்தான் தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட். காது கேளாதோர் உலகத்தில் இவர் பெயரைத் தெரியாதவர் கிடையாது. பி.காம் படித்து, வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய எனக்குத்தான் அறுபது வயதுக்கு மேல் தெரிய வேண்டியிருந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கேலடெட் 1787 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் பிறந்தார். குடும்பம் பிறகு கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு ஊருக்கு வந்துவிட்டது. பதினேழு வயதிலேயே யேல் கல்லூரியில் பட்டம் வாங்கிய கெட்டிக்காரர். ஆனால் உடம்பு நோஞ்சான். சட்டம் படித்துப் பார்த்தார், கல்லூரியில் பாடம் நடத்திப் பார்த்தார், ஊர் ஊராகப் போய் வியாபாரமும் செய்து பார்த்தார். எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் மதகுரு ஆகலாம் என்று இறையியல் படித்து முடித்தார். 1814-இல் உடம்பைத் தேற்றிக்கொள்ள வீட்டுக்கு வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. இந்தக் காலமாக இருந்தால் உறவுக்காரர்கள், பையன் இன்னும் செட்டில் ஆகவில்லையே என்று துளைத்து எடுத்திருப்பார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் அவருடைய தம்பி தங்கைகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் ஒட்டாமல் இருந்தாள். பெயர் ஆலிஸ் காக்ஸ்வெல். ஒன்பது வயது இருக்கும். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. காது போனதும் பேச்சும் நின்றுவிட்டது. கேலடெட் தன் தொப்பியைக் கழற்றி அவளிடம் காட்டினார். ஒரு குச்சியை எடுத்து, தொப்பியைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளை மண்ணில் எழுதினார். தொப்பியைக் காட்டுவதும் எழுத்தைக் காட்டுவதுமாகக் கொஞ்ச நேரம் போனது. அந்தக் கோடுகளும் இந்தத் தொப்பியும் ஒன்று என்று அவளுக்குப் பிடிபட்டது என்கிறது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் கதை. விஜயதசமியன்று நம் வீட்டுக் குழந்தையின் விரலைப் பிடித்து நெல்லில் எழுத வைப்போமே, அதுதான் எனக்கு நினைவு வந்தது.

ஆலிஸின் அப்பா மேசன் காக்ஸ்வெல் பேர்பெற்ற அறுவை மருத்துவர். மகளைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மதகுருமார்கள் மூலமாகக் கணக்கெடுத்தார். அந்தச் சின்ன மாநிலத்திலேயே 80 பேருக்கு மேல் தேறினார்கள். அவர்களுக்கென்று நிரந்தரமான பள்ளிக்கூடம் அமெரிக்கா முழுவதிலும் ஒன்றுகூடக் கிடையாது. 1815-இல் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பணம் திரட்டினார்கள். யாரையாவது ஐரோப்பாவுக்கு அனுப்பி அந்தக் கல்வி முறையைக் கற்றுவரச் செய்யலாம் என்று முடிவானது. அனுப்பியது பக்கத்து வீட்டு நோஞ்சான் பிள்ளையைத்தான்.

முதலில் அவர் போனது இங்கிலாந்துக்கு. அங்கே பிரெய்ட்வுட் என்ற குடும்பத்தார் காது கேளாத பிள்ளைகளைப் பேச வைக்கும் முறையைக் குடும்பத் தொழிலாக, ரகசியமாக வைத்திருந்தார்கள். மூன்று வருஷம் உதவியாளராக வேலை செய்ய வேண்டும், கற்றதை யாருக்கும் சொல்லக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை போட்டார்கள். ஊருக்குச் சொல்வதற்காகக் கற்க வந்தவரிடம் இப்படி ஒரு நிபந்தனை! எடின்பரோவுக்குப் போனார். அங்கும் அதே குடும்பத்தின் கைதான் ஓங்கியிருந்தது. கதவு திறக்கவில்லை.

அதே சமயத்தில் லண்டனில் பிரான்சிலிருந்து வந்த மூவர் கூட்டம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பாரிஸ் பள்ளியின் தலைவர் சிகார். மற்ற இருவரும் அந்தப் பள்ளியின் ஆசிரியர்களான மாசியூ, லோரன் கிளெர்க். ஆசிரியர்கள் இருவருமே காது கேளாதவர்கள். சபையோர் எதைக் கேட்டாலும், சைகையில் வாங்கிக்கொண்டு எழுத்தில் பதில் தந்தார்கள். அந்தப் பாரிஸ் பள்ளியைத் தொடங்கியவர் லெப்பே என்ற பாதிரியார். காது கேளாத இரண்டு சகோதரிகளுக்குப் பாடம் சொல்லப் போய், அப்படிப்பட்டவர்கள் கைகளால் பேசுவதும் ஒரு பேச்சுதான் என்று கண்டுகொண்டவர். அவர் எதையும் மூடி வைக்கவில்லை. வந்தவருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அந்த வழக்கப்படி சிகாரும் கேலடெட்டைப் பாரிஸுக்கு வரச் சொன்னார்.

1816 தொடக்கத்தில் கேலடெட் பாரிஸ் போனார். சில மாதம் சைகை படித்தார். கையில் காசு கரைந்துகொண்டிருந்தது. இந்த அரைகுறைப் படிப்போடு போய்ப் பள்ளிக்கூடம் நடத்த முடியாது என்று அவருக்கே தெரிந்தது. அப்போது அவர் செய்ததுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் என்பேன். தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டதாக நடிக்கவில்லை. கிளெர்க்கையே தன்னோடு அமெரிக்காவுக்கு அழைத்தார். கிளெர்க் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கிளம்பினார்.

கப்பல் பயணம் 52 நாள். அந்த 52 நாளும் கிளெர்க் அவருக்குச் சைகை சொல்லிக்கொடுத்தார், அவர் கிளெர்க்குக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கிளெர்க் ஆங்கிலத்திலேயே நாட்குறிப்பு எழுதிப் பழகினார். நடுக்கடலில் இரண்டு பேரும் மாணவர்கள், இரண்டு பேரும் வாத்தியார்கள். காது கேட்பவர் கற்றுத்தருபவர், கேளாதவர் கற்றுக்கொள்பவர் என்ற வரிசையே அங்கே இல்லை.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தொண்ணூறுகளில் பாபநாசம் பக்கம் ஒரு கிளையில் நகைக்கடன் பிரிவில் இருந்தேன். சம்பா அறுவடை முடிந்து, குறுவைக்கு வைத்த நகைகளை மீட்க எல்லோரும் வந்து மொய்க்கும் நேரம். காது கேளாத ஒரு விவசாயி வந்தார். நகைக்கடன் அட்டையைக் காட்டினார், காது மடலைத் தொட்டார், கழுத்தில் முடிச்சுப் போடுவது போலக் காட்டினார். காதுத் தோட்டையும் அடகு வைக்க வந்திருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டு, புதுக் கடன் விண்ணப்பத்தை நீட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கவுன்டர் மூடும்வரை நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு நாளில் மகளுக்குக் கல்யாணம், நகையை மீட்க வந்திருக்கிறார். பணம் முதல் நாளே அவர் மடியில் இருந்திருக்கிறது. முடிச்சுப் போட்டுக் காட்டிய கையை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. தினம் லட்சக்கணக்கில் எண்ணிச் சரிபார்த்தவன், அந்தக் கையில் கோட்டை விட்டேன்.

கேலடெட்டுக்கு வருவோம். ஊர் திரும்பியதும் அவரும் கிளெர்க்கும் நகரம் நகரமாகப் போய்ப் பணம் சேர்த்தார்கள். கனெக்டிகட் சட்டமன்றம் 5,000 டாலர் கொடுத்தது. 1817 ஏப்ரல் 15 அன்று ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தது. முதல் நாள் ஏழு மாணவர்கள். முதலில் பெயர் பதிந்தவள் ஆலிஸ். மூன்று வருஷத்துக்கென்று வந்த கிளெர்க் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, நாற்பது வருஷம் பாடம் நடத்தி, 1869-இல் அந்த ஊரிலேயே கண்ணை மூடினார். புகழ் முழுவதும் கேலடெட்டுக்குப் போய், கிளெர்க்குக்குப் பாதிகூட வரவில்லை என்பது என் குறை. கேலடெட்டின் முதல் நோக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு வேதத்தைக் கொண்டுசேர்ப்பது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காலம் அப்படி. ஆனால் அதற்காக அவர் பிடித்த வழி, அவர்களுடைய மொழியைத் தான் கற்பது.

அந்த மொழி அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. பள்ளியின் ஆரம்ப மாணவிகளில் ஒருவரான சோஃபியா ஃபவுலரை 1821-இல் மணந்தார். சோஃபியா பிறவியிலேயே காது கேளாதவர். எட்டுக் குழந்தைகள். அந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவின் கைதான் தாய்மொழி.

1830-இல் உடம்பு இடம் கொடுக்காமல் பள்ளித் தலைமையிலிருந்து விலகினார். அதே வருஷ டிசம்பரில் காக்ஸ்வெல் டாக்டர் இறந்தார். அப்பா போன துக்கம் தாங்காமல் பதின்மூன்றாம் நாள் ஆலிஸும் போய்விட்டாள். வயது 25. தொப்பியில் தொடங்கிய கதை அவள் வரையில் இப்படி முடிந்ததைப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. கேலடெட் பிறகு பிள்ளைகளுக்குப் புத்தகங்கள் எழுதினார். ஹார்ட்ஃபோர்டு மனநல விடுதியில் குருவாக இருந்தார். 1851 செப்டம்பர் 10 அன்று காலமானார்.

கடைசி மகன் எட்வர்டு, அம்மா சோஃபியாவையும் கூட அழைத்துக்கொண்டு வாஷிங்டன் போய்க் காது கேளாதோர் பள்ளி ஒன்றை நடத்தினார். 1864-இல் அது பட்டம் கொடுக்கலாம் என்ற சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆபிரகாம் லிங்கன். இன்றைக்கு அதுதான் கேலடெட் பல்கலைக்கழகம். ஆனாலும் 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகை கூடாது, வாய்ப்பேச்சுதான் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எட்வர்டு எதிர்த்துப் பேசியும் எடுபடவில்லை. அதன்பின் பல தேசங்களில் தலைமுறைக் கணக்கில் பிள்ளைகளைக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைத்தார்கள். வாக்களித்த பெரும்பாலோர் காது கேட்பவர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஹார்ட்ஃபோர்டு பள்ளிக்கு மார்த்தாஸ் வின்யார்டு என்ற தீவிலிருந்தும் பிள்ளைகள் வந்து படித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவில் சுமார் 155 பேருக்கு ஒருவர் பிறவியில் காது கேளாதவர். அதனால் காது கேட்கும் மீனவர், விவசாயி, கடைக்காரர் எல்லோரும் சின்ன வயதிலேயே சைகை பழகிவிடுவார்கள். யார் கேட்பவர், யார் கேளாதவர் என்று பிற்காலத்தில் விசாரித்தபோது அங்கிருந்த முதியவர்கள் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்ததாம். நம் குடியிருப்பிலும் ஒரு தீவின் அளவுக்கு ஜனங்கள் உண்டு. லிஃப்டுகள் மட்டும் கூடுதல்.

அமெரிக்கா வரை போவானேன் என்று கேட்பீர்கள். நம் பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற அம்மையார் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கிவிட்டார். அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. நம் தஞ்சாவூரிலும் அரசுப் பள்ளி இருக்கிறது. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: கேலடெட் கொண்டுபோன சைகை வேறு, நம் இந்திய சைகை மொழி வேறு. அவர்கள் ஆங்கில எழுத்தை ஒரு கையால் காட்டுவார்கள், நம்மவர்கள் இரண்டு கையாலும் காட்டுவார்கள். யூடியூபில் கிடைத்ததையெல்லாம் பார்த்துப் பழகி, நம் சகோதரியிடம் போய் அமெரிக்கச் சைகை காட்டாதீர்கள். நான் காட்டினேன். சிரித்துவிட்டார்.

இப்போது மூன்று மாதமாக ஞாயிறு காலை பத்து மணிக்கு, நம் சங்க ஹாலில், அவரும் அவர் கணவரும் எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். வருவது ஐந்து பேர்தான். செக்யூரிட்டி இரண்டு பேர், ஏ பிளாக் கல்லூரி மாணவி ஒருத்தி, என் மனைவி, நான். மாணவி வேகமாகப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கு விரல் மடங்க மறுக்கிறது. மருத்துவமனை, தண்ணீர், கரண்ட், பயப்படாதீர்கள், வந்துகொண்டிருக்கிறோம், இவையெல்லாம் வந்துவிட்டன. முதல் பாடத்தில் அவர் கேட்டு வாங்கியதே லிஃப்ட் கதவின் கண்ணாடி வழியாகக் காட்டக்கூடிய சைகைகளைத்தான். கற்றுக்கொள்ளும் நமக்குக் கட்டணம் கிடையாது. கற்றுத்தரும் அவர்களுக்குச் சங்கம் ஒரு தொகை தர வேண்டும் என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். உங்கள் ஆதரவு வேண்டும்.

காது கேளாதோர் நடுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. நாமே வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள்தான் வைக்க வேண்டும். கிளெர்க் குழந்தையில் அடுப்பு நெருப்பில் விழுந்ததில் கன்னத்தில் தழும்பு. இரண்டு விரலால் கன்னத்தை வருடினால் அது கிளெர்க். கேலடெட்டுக்கு மூக்குக்கண்ணாடி. போன ஞாயிறு எனக்கும் பெயர் வைத்தார்கள். கட்டை விரலை நாக்கில் தொட்டு, நோட்டு எண்ணுவது போல இரண்டு தடவை தள்ள வேண்டும். நாக்கில் தொடும் பழக்கத்தை நான் விட்டுப் பல வருஷம் ஆயிற்று என்று என் மனைவி சாதித்துப் பார்த்தாள். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.