இலைகளைத் தேடிய போதகர்

கோலார் தங்கவயலின் மண்ணில் பொன் உண்டு என்பதை 1802-ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் படை அலுவலர் ஆராய்ந்து எழுதினார். மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளக்க வந்த அவர், உரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்ப்புறங்களில் மண்ணை அரித்தால் பொன்துகள் கிடைப்பதைக் கண்டார். அதே காலத்தில் சோழமண்டலக் கடற்கரையில் வேறொருவர், வழியோரப் புல்லையும் பூண்டையும் குனிந்து நோக்கியபடி நடந்துகொண்டிருந்தார். அவர் தேடிய செல்வம் மண்ணுக்கு மேலே இருந்தது. அவர் பெயர் ஜோஹன் பீட்டர் ராட்லர்.

ராட்லர் 1749-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிறந்தார். அந்நகரின் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர்க் கிறித்தவப் போதகராகி, 1776-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. தரங்கம்பாடி அந்நாளில் டென்மார்க்கு நாட்டினரின் ஆட்சியில் இருந்தது. மக்களோடு பேசுவதற்காக அவர் தமிழ் கற்கத் தொடங்கினார்.

தரங்கம்பாடியில் கோனிக் என்னும் மருத்துவர் இருந்தார். அவர் தாவரவியல் அறிஞர் லின்னேயசின் மாணவர். அவருடைய நட்பினால் ராட்லரின் உள்ளம் செடிகொடிகளின்பால் திரும்பியது. இயற்கையை ஆராய்ந்து ஒருவருக்கொருவர் செய்தி பகிர்ந்துகொள்ள அவ்வூரில் ஒரு குழு இயங்கியது. அதில் ஒருவரான ஜான் என்னும் போதகர் மீன்களையும் பாம்புகளையும் ஆராய்ந்தார். மண்ணுளிப் பாம்பு ஒன்றின் அறிவியற்பெயர் இன்றும் அவரை நினைவூட்டுகிறது. ராட்லர் செடிகளைத் தமக்குரியவையாகக் கொண்டார்.

சமயப் பணிக்கு வந்தவர் செடிகளைத் தேடி அலையலாமா என்னும் வினா இங்கு எழலாம். ராட்லரைப் போன்றோர்க்கு அவை இரண்டும் வேறு வேறாகத் தோன்றவில்லை. திருமறை இறைவனின் ஒரு நூல், படைப்பு அவனுடைய மற்றொரு நூல் என்பது அவர்கள் கொண்டிருந்த நம்பிக்கை. வானத்துப் பறவையிலும் வயல்வெளிப் பூவிலும் பாடம் கற்குமாறு இயேசுநாதர் தம் மாணவர்க்கு உணர்த்தியதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலின், ஒரு சிறு பூவின் இதழ்களை எண்ணிப் பார்ப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே எனக் கருதினர்.

எனினும் அப்பணி எளிதன்று. பறித்த செடியைத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்த வேண்டும். ஈரம் ஏறிய தாளை மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். மற்ற காலத்தில் பூச்சி அரிக்கும். சிறிது கவனம் தவறினாலும் பல மாத உழைப்பு பொடியாகிவிடும். ராட்லர் பல ஆண்டுகள் பொறுமையோடு இதனைச் செய்தார். 1795-ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சென்றபோதும் செடிகளைச் சேகரித்தார். 1799, 1800 ஆகிய ஆண்டுகளில் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பிய வழியெல்லாம் கண்ட தாவரங்களைக் குறித்துவைத்தார். அக்குறிப்புகள் பெர்லின் நகரில் 1803-இல் அச்சாயின.

ராக்ஸ்பர்க் என்னும் தாவரவியல் அறிஞர், பட்டுக்குச் சாயமேற்றும் கபிலப்பொடியைத் தரும் மரத்திற்கு ராட்லரின் பெயரைச் சூட்டினார். பிற்காலத்து அறிஞர்கள் அம்மரத்தை வேறு இனத்தில் சேர்த்ததால் அப்பெயர் வழக்கொழிந்தது. புகழ் இவ்வாறு கைமாறினும் உழைப்பு வீணாகவில்லை. அவர் உலர்த்திச் சேர்த்த தாவரத் தொகுப்பு, இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் இருந்து பின்னர்க் கியூ தாவரவியல் பூங்காவை அடைந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரைப் பகுதியில் எவ்வெச் செடிகள் வளர்ந்தன என்பதற்கு அது சான்றாக விளங்குகிறது.

1803-ஆம் ஆண்டில் ராட்லர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். வேப்பேரியில் நெடுங்காலம் போதகராகத் தொண்டாற்றினார். கிறித்தவ வழிபாட்டு நூலைத் தமிழில் பெயர்த்தார். முதுமை வந்தபின் மற்றொரு பெரும்பணியை மேற்கொண்டார். செடிகளைச் சேர்த்தது போலவே தமிழ்ச் சொற்களைச் சேர்த்து, தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றை உருவாக்கினார். அதன் முதற்பகுதி 1834-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. மக்கள் நாவில் வழங்கிய மரம், செடி, பறவை ஆகியவற்றின் பெயர்களும் அதில் இடம்பெற்றன.

அகராதி முற்றுப்பெறுவதைக் காண அவருக்கு ஆயுள் போதவில்லை. 1836-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவர் காலமானார். எஞ்சிய பகுதிகளை வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் செப்பம் செய்தனர். 1841-இல் அகராதி நிறைவுற்றது. ஒருவர் விட்ட பணியை மற்றவர் தொடர்ந்தமையால் அச்சொற்கள் நமக்குக் கிடைத்தன.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. தோண்டி எடுத்த பொன் ஒரு நாள் தீர்ந்துபோகும். நம் தெருவோர வேம்பும், ஏரிக்கரை நாணலும், அதில் வந்தமரும் பறவையும் காப்பாற்றினால் தொடர்ந்து தழைக்கும். அவற்றின் பெயரை அறிந்து, நின்று நோக்கக் கற்பதே அவற்றைக் காப்பதன் முதற்படி ஆகும்.

பயிற்சி

1. ராட்லர் சமயப் பணியையும் தாவர ஆய்வையும் ஒன்றாகக் கருதியது ஏன்?
2. செடிகளை உலர்த்திப் பாதுகாப்பதில் உள்ள இடர்கள் யாவை?
3. உம் வீட்டருகே காணும் மூன்று செடிகள், இரண்டு பறவைகள் ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக.