தனித்தொகுதி என்னும் சொல்: இரட்டைமலை சீனிவாசனார் வாழ்க்கை

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது திருப்பெரும்புதூர். 1017ஆம் ஆண்டில் இராமாநுசர் தோன்றிய திருத்தலம் என்பது இவ்வூரின் பழம்பெருமை. ஒடுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டழைத்து, மேல்கோட்டைத் திருக்கோயிலில் அவர்களுக்கு வழி கண்டவர் அப்பெருமகனார் என்று வைணவ மரபு போற்றுகின்றது. ஏரிநீரை நம்பி நெல் விளைத்த அவ்வட்டாரம் கடந்த முப்பது ஆண்டுகளில் முற்றிலும் முகம் மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பெற்றது. இன்று அப்பகுதியைத் தொழில் வழித்தடம் என்றே பலரும் அறிவர்.

ஆனால் தேர்தல் வரலாற்றில் இவ்வூருக்கு வேறோர் அடையாளம் நெடுங்காலம் இருந்தது. 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் மக்களவைத் தொகுதியாக விளங்கும் திருப்பெரும்புதூர், 2009ஆம் ஆண்டுத் தேர்தலில் பொதுத்தொகுதியாக மாறும்வரை தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பெற்ற தனித்தொகுதியாக இருந்தது. 1952இலேயே திருவள்ளூர்த் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குச் சென்ற மரகதம் சந்திரசேகர் அம்மையார், 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களில் இத்தொகுதியில் வென்றார். அவருக்கு வாக்குக் கேட்க வந்த இடத்தில்தான் 1991 மே 21ஆம் நாள் இராசீவ் காந்தி கொலையுண்டார். அத்துயரத்தால் உலகம் இவ்வூரின் பெயரை அறிந்தது. ஆயினும் அவ்வூர்ப் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் நின்ற தனி என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று எண்ணியவர் மிகச் சிலரே.

அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதரின் நெடிய வாழ்க்கை இருக்கின்றது. அவர் இம்மண்ணுக்கு அயலார் அல்லர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்து மைந்தர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் சூலைத் திங்கள் 7ஆம் நாள் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். பிறந்த ஆண்டு 1859 என்பாரும் 1860 என்பாரும் உளர்.

இளமையில் அவர் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். ஏறத்தாழ 400 மாணவர் பயின்ற அக்கல்விக்கூடத்தில் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமண வகுப்பினர். தம் குலம் இன்னதென்று தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால், உடன் பயில்வோருடன் பழகாமல் ஒதுங்கியே இருந்தார். வகுப்பு மணி ஒலிக்கும் வரை வெளியில் காத்திருப்பார். வகுப்பு முடிந்ததும் விரைந்து வீடு திரும்பிவிடுவார். விளையாட்டிலும் சேர இயலவில்லை. பிற்காலத்தில் பேரவைகளில் அஞ்சாது பேசிய அவருடைய பள்ளிப்பருவம் இவ்வாறு பேசாமலே கழிந்தது.

படிப்பு முடிந்தபின் நீலமலைக்குச் சென்று, ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். பண்டித அயோத்திதாசர் இவருக்கு மைத்துனர் முறையினர். இருவரும் ஒரே மக்களின் விடுதலையை நாடினர். ஆயினும் வழிகள் வேறாயின. அயோத்திதாசர் பழைய பெயர்களை மறுத்துப் பௌத்தத்தின் வழியே புதிய அடையாளம் தேடினார். சீனிவாசனாரோ, எப்பெயரால் இகழ்ந்தார்களோ அப்பெயரையே கையில் ஏந்தினார். 1890களின் தொடக்கத்தில் சென்னையில் பறையர் மகாசன சபையைத் தோற்றுவித்த அவர், 1893 அக்டோபரில் பறையன் என்னும் பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கங்களில் மாத இதழாகப் பிறந்த அது, சில திங்களில் வார இதழாக வளர்ந்தது.

சொல்லோடு உறவாடும் நம் வட்டத்தார் இவ்விடத்தில் சற்றே நின்று நோக்குதல் தகும். உரக்கச் சொல்லவே நாணிய ஒரு பெயரை, அச்செழுத்தில் முகப்பில் பொறித்துக் கடைவீதியில் விற்கச் செய்த துணிவு எளிதன்று. வாங்குபவரும் அப்பெயரைச் சொல்லித்தான் கேட்டாக வேண்டும். பள்ளியில் குலத்தை மறைத்து ஒதுங்கிய சிறுவன், முப்பது வயதைக் கடந்தபின் அதே குலப்பெயரை இதழாக்கி ஊரறிய நிறுத்தினான். இதழில் வெளிவந்த கடிதம் ஒன்றுக்காக வழக்குத் தொடரப்பெற்றது. நீதிமன்றம் 100 ரூபாய் தண்டம் விதித்தது. இதழ் அதனால் நின்றுவிடவில்லை; 1900 வரை வெளிவந்தது.

இதழ் தொடங்கிய அதே 1893ஆம் ஆண்டின் இறுதியில் மற்றொரு பெரும்பணியிலும் இறங்கினார். ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரிய காலம் அது. அவ்வாறு நடந்தால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வருவர், அவர்கள் ஆளும் ஊர்களில் தம் மக்களுக்கு நீதி கிட்டாது என்று சீனிவாசனார் கருதினார். 3412 பேர் கையொப்பமிட்ட எதிர் விண்ணப்பம் ஒன்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குச் சென்றது. தேச இயக்கத்தின் பார்வையில் அது பெருங்குறை என்று தோன்றலாம். ஆனால் வாக்குரிமை என்பதே இல்லாத காலத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் கையொப்பத்தையும் கைந்நாட்டையும் திரட்டியது, பின்வந்த தேர்தல்களுக்கெல்லாம் முன்னோடியான ஒரு வாக்கெடுப்பு என்றே கொள்ளத்தகும்.

இதழ் நின்றபின் இங்கிலாந்து செல்லும் எண்ணத்தோடு கப்பலேறிய அவரை, காலம் ஆப்பிரிக்கக் கரையில் இறக்கிவிட்டது. கிழக்குக் கரையைக் கடந்து தென்னாப்பிரிக்கா சேர்ந்து, நேட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக ஊழியம் புரிந்தார். காந்தியடிகள் தமிழில் கையொப்பமிடக் கற்றது இவரிடமே என்பர். பின்னாளில் எதிரெதிர் நிலையில் நின்ற இருவரை அன்று இணைத்தது தமிழ் எழுத்து.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடல் கடந்து வாழ்ந்து, தாயகம் திரும்பினார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவருடைய அரசியல் வாழ்வு தொடங்கியது. 1923இல் சென்னைச் சட்டமேலவையின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். மறு ஆண்டே அவர் கொணர்ந்த தீர்மானம் வரலாற்றில் நிலைத்தது. ஊரிலோ நகரிலோ உள்ள எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் யாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை ஏனைய இந்துக்களைப் போலவே ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையாகவும் வெளிவந்தது. வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்கு அறப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த ஆண்டும் அதுவே. ஆணை வந்த அன்றே தெருக்கள் திறந்துவிடவில்லை. ஆயினும் தடுப்பவன் பக்கம் சட்டம் இல்லை என்ற நிலை அன்று பிறந்தது.

இனி வாக்குரிமைக்கு வருவோம். 1930இலும் 1931இலும் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாடுகளுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் சென்றவர் இருவர். ஒருவர் டாக்டர் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசனார். ஒருவர் நாற்பதை எட்டும் அறிஞர். மற்றவர் எழுபதைக் கடந்த முதியவர். இருவரும் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்கையும், தம் மக்கள் தாமே வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதிகளையும் கோரினர். சிற்றூரில் நிலமும் கூலியும் கடனும் ஒரு கையில் இருக்கும்போது, அக்கையைச் சார்ந்து பிழைப்பவனின் வாக்கு அவனுடையதாக இராது என்பது அவர்களுடைய வாதத்தின் உயிர்நாடி. தமிழகத்துத் தலைவர் எம்.சி. இராசா அவர்களோ, 1932இல் மூஞ்சே என்பாருடன் உடன்பாடு கண்டு, கூட்டு வாக்காளர் தொகுதியும் ஒதுக்கீடும் போதும் என்றார். ஊரோடு ஒட்டி வாழ்பவர் ஊரை விட்டுத் தனித்து நின்றால் மேலும் ஒதுக்கப்படுவர் என்ற அச்சம் அவர் பக்கத்து நியாயம்.

1932 ஆகத்து 16ஆம் நாள் பிரித்தானிய அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு வெளிவந்தது. மாகாண சபைகளில் 71 இடங்களை அது தனித்தொகுதிகளாக வழங்கியது. அவற்றில் ஒரு வாக்கு, பொதுத்தொகுதியில் மற்றொரு வாக்கு என இரட்டை வாக்கும் கிடைத்தது. அதனை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தியடிகள் செப்டம்பர் 20 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். ஓர் உயிரின் எடைக்கு எதிரே ஓர் உரிமை நிறுக்கப்பட்டது. 24ஆம் நாள் புனா ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. ஆனால் தனி வாக்கு மறைந்தது. நான்கு வேட்பாளரை ஒடுக்கப்பட்ட மக்கள் முதலில் தேர்ந்து நிறுத்துவர். அந்நால்வருள் ஒருவரை ஊரார் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர் என்ற ஏற்பாடு வந்தது. அம்முதற்கட்டத் தேர்தலும் பத்தாண்டுகளுக்கு மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. கருத்தால் மாறுபட்ட சீனிவாசனார், இராசா இருவருமே அவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட்டனர்.

அரசு அவருக்கு இராவ்சாகிப், இராவ்பகதூர், திவான்பகதூர் என்னும் பட்டங்களை அடுத்தடுத்து வழங்கியது. 1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருங்க எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். நாடு விடுதலை பெற்றதையும், வயதுவந்த அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்ததையும் அவர் காணவில்லை.

அரசியலமைப்புச் சட்டம் ஒதுக்கீட்டை ஏற்றது. முதற்கட்டத் தேர்தலை ஏற்கவில்லை. 1952, 1957 தேர்தல்களில் பொது உறுப்பினர் ஒருவரும் ஒதுக்கீட்டு உறுப்பினர் ஒருவருமாக இருவரைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் பல இருந்தன. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவை ஒழிந்தபின், ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கும் இன்றைய ஒதுக்கீட்டுத் தொகுதிகள் நிலைபெற்றன. திருப்பெரும்புதூர் அவ்வழியில் வந்ததே.

தமிழ் இவ்விடத்தில் ஒரு விந்தை புரிந்திருக்கின்றது. இவ்வொதுக்கீட்டுத் தொகுதியைத் தனித்தொகுதி என்றே நம் மொழி வழங்குகின்றது. சீனிவாசனார் இலண்டனில் கோரியதற்கும் அதுவே பெயர். புனாவில் அவர் விட்டுக்கொடுத்த பின்னர் எஞ்சியதற்கும் அதுவே பெயர். முன்னதில் தேர்ந்தெடுப்போர் தனி. பின்னதில் வேட்பாளர் மட்டுமே தனி. பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. இழந்த உரிமையின் நினைவை, பேசுவோர் அறியாமலே ஒரு சொல் காத்து வருகின்றது.

இவ்வேற்பாட்டால் விளைந்த நன்மையை மறுத்தல் முறையன்று. சேரியிலிருந்து ஒருவர் மக்களவைக்குச் செல்ல ஊரும் சேரியும் சேர்ந்து வாக்களித்தாக வேண்டும். எக்கட்சியும் இரு பக்கமும் வாக்குக் கேட்டாக வேண்டும். ஆனால் எல்லார் வாக்கையும் நாடுபவர், சிலருடைய குறையை உரக்கச் சொல்லத் தயங்குவார் என்னும் சீனிவாசனாரின் கவலைக்கும் இன்றளவும் முழு விடை கிடைத்தபாடில்லை.

2009ஆம் ஆண்டுத் தேர்தலில் மறுவரையறை நடைமுறைக்கு வந்தபோது, அடைப்புக்குறிக்குள் இருந்த தனி திருப்பெரும்புதூரை விட்டு நீங்கிக் காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும் சென்றது. மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் ஆகிய நகரப் பகுதிகளோடு திருப்பெரும்புதூரும் சேர்ந்ததே இன்றைய மக்களவைத் தொகுதி. ஆறனுள் திருப்பெரும்புதூர்ச் சட்டமன்றத் தொகுதி மட்டும் தனித்தொகுதியாகத் தொடர்கின்றது. 2024 தேர்தலில் ஏறத்தாழ 24 இலட்சம் வாக்காளருடன் தமிழ்நாட்டின் மிகப்பெரிய மக்களவைத் தொகுதியாக அது விளங்கிற்று. நகரும் ஆலையும் பெருகிய அப்பெருந்திரளில் ஒரு சேரியின் குரல் எவ்வளவு கேட்கும் என்ற வினா முன்னினும் கூர்மையாகவே நிற்கின்றது.

சீனிவாசனார் பிறந்த மதுராந்தகம் பகுதி இன்று சட்டமன்றத்துக்கும், காஞ்சிபுரத்தின் வழியே மக்களவைக்கும் தனித்தொகுதியாக வாக்களிக்கின்றது. அவர் நினைவாக 2000ஆம் ஆண்டில் நடுவணரசு அஞ்சல்தலை வெளியிட்டது. பெயரை மீட்டார், தெருவைத் திறந்தார், வாக்கில் பாதியைப் பெற்றுத் தந்தார். மற்றப் பாதியைப் பற்றிப் பேசுவதற்கு, அவர் அன்று இதழுக்கு இட்ட பெயரில் காட்டிய துணிவு சொல்லை ஆளும் நமக்கும் வேண்டும்.