கித்தார் செய்த லியோ ஃபெண்டர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம், புல்லர்டன் ஆகிய ஊர்களுக்கு அருகே ஓர் ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. அதை வைத்திருந்த எளிய குடும்பத்தில் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் லியோ ஃபெண்டர் பிறந்தார். எட்டு வயதில் ஒரு கட்டியின் காரணமாக இடது கண்ணை இழந்தார். அதன் பின்னர், வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

அவருடைய உறவினர் ஒருவர் மோட்டார் வண்டிகளின் மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அக்கடையில், பழைய உதிரிப் பாகங்களைக் கொண்டு செய்யப்பட்ட வானொலி ஒன்று உரத்த குரலில் பாடிக்கொண்டிருந்தது. சிறுவன் லியோவின் மனத்தில் அந்த ஒலி ஆழமாகப் பதிந்துவிட்டது. வீட்டிற்குத் திரும்பியதும் அவரே வானொலிகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். ஆயினும், கல்லூரியில் அவர் மின்னியல் படிக்கவில்லை, கணக்கியலே படித்தார். படிப்பு முடிந்து கணக்கராகப் பணிபுரிந்தார். ஓய்வு நேரத்தில் வானொலிகளைப் பழுதுபார்த்தார். 1930களில் அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி வாட்டியது. கணக்கர் வேலையும் பறிபோனது. 1938ஆம் ஆண்டில் அவர் 600 டாலர் கடன் வாங்கிப் புல்லர்டனில் ஒரு வானொலிக் கடையைத் திறந்தார்.

அந்தச் சிறிய கடையே அவருக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தது. ஊரிலிருந்த இசைக்குழுவினர் பழுதடைந்த ஒலிபெருக்கிகளையும் கித்தார்களையும் அவரிடம் கொண்டுவந்தனர். பழுதுபார்ப்பவருக்கு ஒரு கருவி எங்கே உடையும், எந்தப் பாகம் முதலில் தேயும், எதைக் கழற்றுவது கடினம் என்பதெல்லாம் அத்துப்படி. லியோ பின்னாளில் செய்த ஒவ்வொரு கருவியிலும் இந்த அறிவைக் காணலாம். இரண்டாம் உலகப் போரின்போது கண் குறையினால் அவர் படையில் சேர்க்கப்படவில்லை. அக்காலத்தில் டாக் காஃப்மன் என்ற நண்பருடன் இணைந்து, மடியில் வைத்து வாசிக்கும் மின்கித்தார்களைச் செய்தார். காஃப்மன் 1946இல் விலகிக்கொண்டார். லியோ தம் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார்.

அந்நாளில் கித்தார் கலைஞர்களுக்கு ஒரு பெருந்தொல்லை இருந்தது. நடன அரங்குகளில் தாளக் கருவிகளும் ஊதுகருவிகளும் முழங்கும்போது கித்தாரின் மெல்லிய ஓசை யார் காதிலும் விழவில்லை. ஒலிபெருக்கியோடு இணைத்தாலோ வேறொரு சிக்கல் எழுந்தது. உள்ளே கூடாக இருந்த கித்தாரின் உடல் ஒலிபெருக்கியின் ஓசையால் தானும் அதிர்ந்து, காதைப் பிளக்கும் கூச்சலை எழுப்பியது. லியோ கூடான உடலையே கைவிட்டார். கெட்டியான ஒரு மரப்பலகையைக் கித்தாரின் உடலாக்கினார். கம்பிகளுக்கு அடியில் காந்தங்களை வைத்து, அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றினார். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும். செப்புச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதைப் பெருக்கிக் கொடுக்கும். கெட்டி மரக் கித்தாரைப் பற்றி அவருக்கு முன்னரும் சிலர் சிந்தித்திருந்தனர். ஆனால், அதைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து, உழைத்துப் பிழைக்கும் இசைக்கலைஞர்கள் வாங்கக்கூடிய பொருளாக மாற்றியவர் லியோதான்.

அவர் அதை எவ்வாறு செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. புகழ்பெற்ற பழைய நிறுவனங்களில் கித்தாரின் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டுவார்கள். அதற்குக் கைதேர்ந்த தச்சரும் நிறைய நேரமும் தேவை. லியோ கழுத்தைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் செய்து, நான்கு திருகாணிகளால் இறுக்கினார். கழுத்து தேய்ந்தாலோ வளைந்தாலோ திருகாணிகளைக் கழற்றிப் புதிய கழுத்தைப் பொருத்திவிடலாம். கம்பிகளை முறுக்கும் ஆறு பிரடைகளையும் தலைப்பகுதியின் ஒரே பக்கத்தில் வரிசையாக அமைத்தார். வளைவோ செதுக்கலோ இல்லாத அந்தக் கித்தாரைக் கண்டு போட்டியாளர்கள் நகைத்தனர். படகுத் துடுப்பு என்றும் பனி வாரும் மட்டை என்றும் அதைக் கேலி செய்தனர்.

1950ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் கித்தார் பிராட்காஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கிரெட்ஷ் என்ற நிறுவனம் ஏறக்குறைய அதே பெயரைத் தன் தாளக் கருவிகளுக்கு வைத்திருந்தது. எனவே எதிர்ப்புத் தெரிவித்தது. சிக்கனக்காரரான லியோ, அச்சடித்து வைத்திருந்த ஒட்டுத்தாள்களை வீணாக்கவில்லை. அவற்றிலிருந்து பிராட்காஸ்டர் என்ற சொல்லை மட்டும் வெட்டிவிட்டு, எஞ்சியதை ஒட்டினார். சில மாதங்கள் பெயரே இல்லாமல் விற்கப்பட்ட அக்கித்தார் பின்னர் டெலிகாஸ்டர் என்று அழைக்கப்பட்டது. பெயரில்லாத அந்தச் சில மாதத்துக் கித்தார்களைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் பெரும்பணம் கொடுத்துத் தேடுகின்றனர்!

1951இல் அவர் செய்த பிரிசிஷன் பேஸ் இன்னும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதுவரை இசைக்குழுவின் தாழ்ந்த சுரங்களை வாசிக்க, ஆள் உயரத்திற்கும் மேலான டபுள் பேஸ் என்ற கருவியையே பயன்படுத்தினர். அதைத் தூக்கிச் செல்வதே பெரும்பாடு. அதில் வீணையில் உள்ளதுபோல் மெட்டுகள் கிடையாது. விரல் சற்றே பிசகினாலும் சுரம் பிசகிவிடும். லியோவின் பேஸ் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். அதன் மெட்டுகள் சுரத்தைத் துல்லியமாகக் காட்டின. அதனாலேயே அதற்குத் துல்லியம் எனப் பொருள்படும் பெயரை வைத்தார். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. வாசிப்பவரின் விலாவில் குத்தாதபடி அதன் உடலின் பின்புறம் குடைந்து விடப்பட்டிருந்தது. பட்டி ஹாலியும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் அதை மேடையில் ஏந்தியபோது, அக்கித்தாரின் உருவம் உலகெங்கும் பரவியது.

இத்தனையும் செய்த லியோவுக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது. கம்பிகளுக்குச் சுருதி சேர்க்கவும் அவர் பிறரையே நாடினார். ஒருவேளை அதுவே அவருடைய வலிமையாகவும் இருந்திருக்கலாம். தமக்குத் தெரியும் என்ற எண்ணம் இல்லாததால், வாசிப்பவர்கள் கூறிய குறைகளை அவர் பொறுமையாகக் கேட்டார். புதிதாகச் செய்த கருவிகளை அவர்களிடம் கொடுத்து, மேடையில் வாசித்துப் பார்க்கச் செய்தார். கிடைத்த கருத்துகளுக்கேற்ப மாற்றினார்.

1950களின் நடுப்பகுதியில் அவரைக் கிருமித்தொற்று ஒன்று பற்றிக்கொண்டது. எந்த மருத்துவத்திற்கும் அது அடங்கவில்லை. தம் வாழ்நாள் முடியப்போகிறது என்றே அவர் நம்பினார். தாம் மறைந்தால் தொழிலாளர்களின் நிலை என்னவாகும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. 1965ஆம் ஆண்டு ஜனவரியில் தம் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற பெருநிறுவனத்திற்கு 13 மில்லியன் டாலருக்கு விற்றார். அடுத்த பத்தாண்டுகளுக்குப் போட்டித் தொழிலில் இறங்கக்கூடாது என்பது உடன்பாடு. சில ஆண்டுகளில் வேறொரு மருத்துவர் அளித்த சிகிச்சையால் நோய் முற்றிலும் நீங்கியது. உடல்நலம் திரும்பிவிட்டது, நிறுவனமும் பெயரும் கைவிட்டுப் போயிருந்தன.

புதிய உரிமையாளர்கள் எண்ணிக்கையைப் பெருக்கினர், தரம் சரிந்தது. 1970களில் இசைக்கலைஞர்கள் பலர் பழைய ஃபெண்டர் கித்தார்களைத் தேடி வாங்கத் தொடங்கினர். அவற்றின் விலை ஏறியது. வாங்க இயலாத இளைஞர்கள் என்ன செய்வார்கள்? ஜப்பானில் டோக்காய், கிரெக்கோ, ஃபெர்னாண்டஸ் போன்ற நிறுவனங்கள் பழைய ஃபெண்டர் கித்தார்களை நுணுகி ஆராய்ந்து, அவற்றைப் போன்றே செய்து குறைந்த விலைக்கு விற்றன. லியோவின் வடிவமைப்பே அவர்களுக்குத் துணைநின்றது. தட்டையான பலகையும் நான்கு திருகாணிகளும் எந்தத் தொழிற்சாலைக்கும் எளியவை அல்லவா? அந்நகல்களில் சில அக்காலத்து அமெரிக்கக் கித்தார்களைவிடச் சிறந்தவை என்றே பலர் கருதினர்.

ஃபெண்டர் நிறுவனம் இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தது. பிறர் நகலெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடத் தானே நகலெடுப்பது மேல். 1982இல் ஜப்பானிய வணிகர்களோடு கூட்டுச் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பான் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. மலிவான கித்தார்களுக்கு வைக்க ஒரு பெயர் வேண்டுமே! மிச்சிகன் மாநிலத்தில் வயலின் கம்பிகள் செய்துவந்த ஸ்குவயர் என்ற பழைய நிறுவனத்தை ஃபெண்டர் 1965இல் வாங்கியிருந்தது. கிடப்பில் கிடந்த அந்தப் பெயர் இப்போது உயிர்பெற்றது. 1950களின் கித்தார்களும் பேஸ்களும் ஸ்குவயர் என்ற பெயரில் குறைந்த விலையில் மீண்டும் வந்தன. 1985இல் சிபிஎஸ், ஃபெண்டர் நிறுவனத்தை அதன் ஊழியர்களிடமே விற்றுவிட்டு விலகியது.

இவையெல்லாம் நடந்தபோது லியோ சும்மா இருக்கவில்லை. தடைக்காலம் முடிந்ததும் மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவரானார். அங்கே 1976இல் ஸ்டிங்ரே என்ற பேஸ் கித்தாரை உருவாக்கினார். பின்னர் தம் நெடுநாள் தோழர் ஜார்ஜ் புல்லர்டனுடன் சேர்ந்து ஜி அண்டு எல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். உலகமே 1950களின் கித்தார்களைப் போற்றி நகலெடுத்துக்கொண்டிருந்தபோது, அவற்றைச் செய்தவரோ அவற்றிலிருந்த குறைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். முன்னவற்றைவிட இப்போது செய்பவையே மேலானவை என்பது அவருடைய உறுதியான எண்ணம். சந்தையில் அந்த எண்ணம் எடுபடவில்லை. பார்க்கின்சன் நோயால் உடல் தளர்ந்த பிறகும் அவர் நாள்தோறும் பட்டறைக்கு வந்தார். 1991ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், தம் 81ஆம் வயதில் காலமானார். அதற்கு முந்தைய நாளும் அவர் வேலை செய்தார்.

அவர் மறைந்த பின்னர், ஃபெண்டர் நிறுவனம் டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் ஆகியவற்றின் உடல் வடிவத்தைத் தனக்கே உரிய வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முயன்றது. பல கித்தார் நிறுவனங்கள் அதனை எதிர்த்தன. எத்தனையோ ஆண்டுகளாகப் பலரும் செய்துவரும் வடிவம் ஒருவருக்கு மட்டும் உரியதாகாது என்று 2009இல் அமெரிக்க வணிகச் சின்ன முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. தலைப்பகுதியின் வடிவமும் பெயரும் மட்டுமே நிறுவனத்தின் உடைமையாக நின்றன. ஸ்குவயர் கித்தார்களின் உற்பத்தி ஜப்பானிலிருந்து கொரியா, சீனா, இந்தோனேசியா என இடம் பெயர்ந்தது. சுராபாயாவில் செய்யப்படும் ஸ்குவயர் டெலிகாஸ்டரைத் திருப்பிப் பார்த்தால், கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் ஓர் உலோகத் தகடும் நான்கு திருகாணிகளும் தெரியும்.